பொளியச் சொன்னவர்

தன் கை செய்த தவறைத் தன் கண்ணே கண்டுபிடிக்குமா? அடுத்தவன் தவறு நமக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. அவனுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அதற்கு உதவுகிறது. நம்முடையதைப் பார்க்க அந்த இடைவெளி கிடையாது; கையும் கண்ணும் ஒரே ஆளுடையவை. எருத்தேன்பதி அப்புசாமியின் வாழ்க்கையில் ஒரு வருஷம், 1974, இந்தக் கேள்வியைச் சுவரும் செங்கல்லுமாகவே கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது.

அப்புசாமி கொத்தனார். அப்போது வயது நாற்பத்துநான்கு. மானாவாரி நிலத்தில் கடலை போடுவார். மற்ற நாளில் கரண்டியும் தூக்குக்குண்டும். அவரை உயர்ந்த மனிதர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு வேப்பமரத்துக்காகத் தம்பியோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர். தன் பூச்சைப் பற்றி யாராவது குறை சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இன்னொரு கொத்தனார் பூசிய சுவரைக் கடந்துபோனால் விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு உதட்டைப் பிதுக்காமல் போகமாட்டார். இந்த அளவுக்கு எல்லாரையும் போலத்தான்.

அவர் அவ்வப்போது வேலை பார்த்துவந்த கல்லூரி கேரளத்தில் பாலக்காட்டை ஒட்டிய சித்தூர்த் தாலுகாவின் கிழக்கில், ஆற்றுக்கு மேலே மேட்டில் இருந்தது. தனியார் கல்லூரி. அதற்கு வயது இருபதுதான். நடுவில் நின்ற செங்கல் கட்டடத்துக்கு எண்பதுக்கு மேல். நிலம் நிறைய வைத்திருந்த ஏதோ ஒரு ஜென்மி குடும்பம் நெல் சேர்த்து வைக்கக் கட்டியது என்பார்கள். ஆற்று வண்டலில் அறுத்துச் சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை, இரண்டடி கனத்தில் சுவர், முன்னால் ஏழு வளைவுகள் வைத்த தாழ்வாரம், மேலே ஓடு. ஊரில் அதற்குப் பெயர் செங்கக் கட்டடம். அதன் மேற்கு அறையில் பி.ஏ. தமிழ் வகுப்பு நடந்தது. தமிழுக்கென்று வேறு அறை கிடையாது. எல்லையோரத்து ஊர்களிலிருந்து வந்த பெண்கள் பதினோரு பேர் அங்கே படித்தார்கள். அவர்களில் ஒருத்தி அப்புசாமியின் மகள் மயிலாத்தாள்.

மகளைக் கல்லூரிக்கு அனுப்ப அவள் அம்மா கருப்பாத்தாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். ஒரு பஸ்ஸில் போய் ஒரு பஸ்ஸில் திரும்ப வேண்டும். இரண்டாவது பஸ் ஏற வேண்டிய நாள் வந்தால் படிப்பு அன்றோடு சரி.

1973 டிசம்பரில், கிழக்குக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்த அறையின் மேற்குச் சுவரிலிருந்து முறத்தின் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து பெஞ்சின் மேல் விழுந்தது. பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வளைவுகளுக்கு மேலே நான்கு விரிசல்கள் இருந்தன. அதுவரை யார் கண்ணிலும் படாதவை, அன்றைக்கு எல்லார் கண்ணிலும் பட்டன. கல்லூரிக் கமிட்டி பயந்துபோய், ஓய்வு பெற்றுப் பாலக்காட்டில் இருந்த எஞ்சினீயர் ராவுண்ணியை வரவழைத்தது.

ராவுண்ணிக்கு முட்டிவலி. ஏணியின் முதல் படியில் கால் வைத்தார், எடுத்துவிட்டார்.

"நீ கேறி நோக்கு, அப்புசாமி. எனிக்கு முட்டு வய்யா. நீ காணுந்நது அப்படியே பறஞ்ஞா மதி." ஏறிப் பார்த்து, கண்டதை அப்படியே சொன்னால் போதும் என்றார்.

ஜனவரியில் ஒரு வாரம் அப்புசாமி அந்தக் கட்டடத்தைச் சுற்றினார். கூட ஏணி பிடித்தவர் சென்னிமலை. இருபது வருஷமாக அப்புசாமிக்குக் கலவை கலக்கிக் கொடுப்பவர், வாயை மூடத் தெரியாதவர்.

அப்புசாமி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். பதினான்கடி உயரத்துக்குச் சுவர் அரை அங்குலம்கூடச் சாயவில்லை. பிறகு விரிசல்கள். அவற்றின் உதட்டைச் சிற்றுளியால் மெதுவாகச் சுரண்டினார். உள்ளே சுண்ணாம்பு இறங்கியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வருஷத்து வெள்ளையடிப்பு. புது விரிசலுக்குள் பழைய சுண்ணாம்பு இருக்க வழியில்லை. மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளத்தில், அதாவது 1924இல், அஸ்திவாரம் கொஞ்சம் அமுங்கி அப்போது வந்த விரிசல் என்று அவர் முடிவு செய்தார். பிறகு அது நகரவில்லை. ஆனாலும் நான்கு விரிசல்களின் குறுக்கேயும் ஒவ்வொரு கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதினார். விரிசல் ஒரு மயிரிழை வளர்ந்தாலும் கண்ணாடி தெறித்துவிடும்.

கடைசியாக மேற்குச் சுவர். சின்னச் சுத்தியால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனார். எங்கே தட்டினாலும் பொத்பொத்தென்று காலிச் சத்தம்.

"ஏனுங்க மேஸ்திரி, செவுத்துக்குச் சளி புடிச்சிருக்குதுங்களா? டாக்டராட்ட நெஞ்சத் தட்டித் தட்டிப் பாக்கறீங்க" என்றார் சென்னிமலை.

"சளிதான்."

"மருந்து?"

அப்புசாமி அடுத்த அடிக்கு நகர்ந்து தட்டினார். சென்னிமலையும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு அது அபூர்வம். அந்தச் சுவருக்கு உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சு போட்டது 1961இல். மழை நேராக மோதும் சுவர் என்று கமிட்டி சிமெண்டு வாங்கிக் கொடுத்தது. கலவை சென்னிமலை. பூச்சு அப்புசாமி. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். அவர் கையால் பூசிய பரப்புகளில் அவருக்கு மிகவும் பிடித்தது அது. கல்லூரிக்கு எப்போது போனாலும் சும்மாவாவது அந்தப் பக்கமாக ஒரு நடை போய்வருவார் என்று மயிலாத்தாள் பிற்பாடு சொன்னாள்.

பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே விட்டுவிடும். எழுபது வருஷம் அப்படித்தான் பிழைத்திருந்தது. சிமெண்டு அந்த வழியை இரண்டு பக்கமும் அடைத்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பதின்மூன்று வருஷமாகச் செங்கல்லைத் தின்றுகொண்டிருந்தது. சுவருக்கு வந்த நோய், சுவரைக் காப்பாற்றப் போட்ட சட்டை. கழற்றிவிட்டால் சரியாகிவிடும்.

இதைச் சொல்ல அவர் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். எழுதிக்கொள்ள உட்கார்ந்தவர் ஹெட்கிளார்க் கோமன் நாயர். அப்புசாமி தமிழில் சொன்னார், நடுநடுவே மலையாளம் கலந்து. நாயர் மலையாளத்தில் எழுதினார். அந்தப் பக்கத்தில் அலுவலகங்கள் இப்படித்தான் நடந்தன, பெரும்பாலும் நன்றாகவே நடந்தன.

மேற்குச் சுவர் வந்தபோது அப்புசாமி கொஞ்சம் யோசித்தார். கொத்தணும் என்று சொன்னால் கடப்பாரையோடு வந்துவிடுவார்கள். செங்கல் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது. சரியான சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னார்:

"மேக்குச் செவுரு முழுசும் பொளியணுங்க."

அம்மி வழுக்கிப்போனால் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தித் தருவதைக் கிழக்குச் சித்தூரில் பொளிவது என்பார்கள். கல்லுக்கு அடிபடாமல் மேல்தோலை மட்டும் எடுப்பது. அதைவிடப் பொருத்தமான சொல் அந்த இடத்துக்கு இல்லை.

மலையாளத்தில் பொளிவது என்றால் தானாக இடிந்து விழுவது. பொளிப்பது என்றால் இடித்துத் தள்ளுவது. கோமன் நாயர் இலக்கணம் பார்க்கிறவர். சுவர் தானாகவே இடிந்து விழ வேண்டும் என்று எந்தக் கொத்தனும் சிபாரிசு செய்யமாட்டான். பாவம், தமிழன், மலையாளம் பேசப்போய் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான் என்று நினைத்தார். மரியாதையாக, ஒன்றும் சொல்லாமல் திருத்தினார். 'படிஞ்ஞாறெ சுமர் முழுவன் பொளிக்கணம்.' மேற்குச் சுவர் முழுவதையும் இடிக்க வேண்டும்.

படித்தும் காட்டினார். அப்புசாமி தலையாட்டினார். பொளிக்குந்நது என்ற மலையாளச் சொல் அவருக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அந்த இடத்தில் அவர் காதில் விழுந்தது அவருடைய சொந்தச் சொல்தான். மலையாளத்தார் எதையும் ஓர் அழுத்தம் கூட்டிச் சொல்வார்கள் என்பது அவர் அனுபவம்.

ராவுண்ணி பாலக்காட்டில் இருந்தபடியே அதைப் படித்தார். ஓட்டுக்கூரையின் உத்தரங்கள் எல்லாம் மேற்குச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தன. அதை இடித்தால் கூரை நிற்காது. கூரை போனால் கட்டடம் எதற்கு? முழுவதையும் இடித்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொருவரும் தன் படியில் சரியாகவே யோசித்தார்கள். நான் அந்தக் கல்லூரியில் தர்க்கவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இதைவிட ஒழுங்கான அனுமானத் தொடரைப் பாடப் புத்தகத்தில் பார்த்ததில்லை. முதல் வாக்கியம் மட்டும்தான் தப்பு.

மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம், அப்புசாமி மாட்டுக்கொட்டகைக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கேயே வந்தாள். புத்தகங்களை வைக்கோல் மேல் போட்டாள்.

"அப்பா, எங்க கட்டடத்த இடிக்கச் சொன்னது நீங்கதானுங்களாமா?"

"ஆரு சொன்னா?"

"போர்டுலயே போட்டிருக்குதுங்க. மேஸ்திரி அப்புசாமியோட அபிப்பிராயப்படின்னு உங்க பேரு இருக்குது. ஏப்ரல் லீவுல இடிக்கறாங்களாமா. ஜூன்ல இருந்து தமிழ் கிளாசு இல்லியாமா. வேணுங்கறவங்க பாலக்காட்டுக் காலேஜுக்கு மாத்திக்கலாமாமா."

பாலக்காடு என்றால் இரண்டு பஸ். அது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

கருப்பாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "உங்கப்பன் வருசத்துக்கு ஒருக்காத்தான் வாயத் தொறப்பாரு. தொறந்தாருன்னா ஒரு கட்டடம் காலி" என்றாள்.

"நா இடிக்கச் சொல்லுலயே புள்ள" என்றார் அப்புசாமி. "செவுத்தப் பொளியணும்னுதான் சொன்னேன்."

மயிலாத்தாள் அவரையே பார்த்தாள். பிறகு வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அய்யோ அப்பா. மலையாளத்துல அது இடிக்கறதுங்க. அம்மிக்குப் பொளியறது அவுங்களுக்கு என்ன தெரியும்?"

விஷயம் புரிய அப்புசாமிக்குச் சற்று நேரம் பிடித்தது. கருப்பாத்தாளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அவ்வளவுதான? நாளைக்குப் போயி, அது இல்லீங்க இதுன்னு சொல்லிப்போட்டு வாங்க. ஒரு வார்த்தைக்கா இத்தன அழுவாச்சி?"

அப்புசாமி மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நான்கு நாள் போகவில்லை.

அந்த நான்கு நாளைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். இடிப்பது இல்லை என்றால் என்ன என்று கேட்பார்கள். பூச்சை எடுப்பது என்று சொல்ல வேண்டும். பூச்சை ஏன் எடுக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி. பூசியது யார் என்பது அதற்கு அடுத்தது. அவர் போய்ச் சொல்லாமல் இருந்துவிட்டால் ஏப்ரலில் சுவர், பூச்சு, தின்னப்பட்ட செங்கல் எல்லாம் ஒன்றாக ஆற்றங்கரைப் பள்ளத்துக்குப் போய்விடும். யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் இதைத் திட்டமிடவில்லை. இன்னொருவருடைய இலக்கணத்தால் தானாக வந்து சேர்ந்தது. எதிர்ப்பக்கம் மகளின் படிப்பு இருந்தது. தராசு இவ்வளவு தெளிவாக இருக்கும்போதும் ஒருவருக்கு நான்கு நாள் தேவைப்பட்டது என்பதை அவருக்கு எதிராக நான் எழுதவில்லை, மறைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் சென்னிமலை கடலைக் காட்டுக்கு வந்தார். அப்புசாமி வரப்பில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், மண்வெட்டி ஓரமாகக் கிடந்தது.

"கலக்குனது நானுங்க. பூசுனது நீங்க. கமிட்டியில இருந்த பழைய ஆளுக அத்தன பேரும் போய்ச் சேந்துட்டாங்க. நா ஆருகிட்டயும் சொல்லமாட்டேன். சொன்னாலும் எம் பேச்ச எம் பொண்டாட்டியே நம்பறதில்ல."

அப்புசாமி வரப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த மம்புட்டிய இப்பிடிக் குடு" என்றார்.

"ஏனுங்க, நா பேசறது காதுல உளுந்துதுங்களா?"

"உளுந்துது. மம்புட்டியக் குடு."

ஐந்தாம் நாள் காலை அவர் சட்டை போட்டார். கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் மட்டும் போடுகிற சட்டை. மகள் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினார். அவள் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்னால்.  கல்லூரி வாசலில் பஸ் நிற்கும் இடத்தில் சென்னிமலை உளிப்பையோடு நின்றிருந்தார். யாரும் வரச் சொல்லவில்லை.

அன்றைக்கு ராவுண்ணி வந்திருந்தார், இடிப்பு வேலைக்கு ஆள் பார்க்க. பிரின்சிபால் அறையில் அவரும் கோமன் நாயரும் இருந்தார்கள். பிரின்சிபாலோடு ஏதோ பேச வந்த நானும் தற்செயலாக அங்கே இருந்தேன்.

"பொளிக்கச் சொல்லலீங்க. பொளியத்தான் சொன்னனுங்க" என்றார் அப்புசாமி, நின்றபடியே.

ராவுண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டும் ஒந்நல்லே?"

"அல்ல சார், ரெண்டும் ரெண்டாணு" என்று எழுந்தார் கோமன் நாயர். "பொளியணம்னு பறஞ்ஞா தெற்று. ஞான் அது திருத்தி எழுதி. எண்டெ மலையாளத்தில் ஒரு தெற்றும் இல்லா." தெற்று என்றால் தவறு.

"உங்க மலையாளம் சரிதானுங்க" என்றார் அப்புசாமி. "என்ற தமிளும் சரிதானுங்க. நடுவுலதான் செவுரு மாட்டிக்கிச்சு."

அம்மியில் தொடங்கி அவர் விளக்கினார். பிரின்சிபால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராவுண்ணி சிரிக்கவில்லை. "காணிக்கு" என்றார். காட்டு.

எல்லாரும் மேற்குச் சுவருக்குப் போனோம். அப்புசாமி சிற்றுளியால், தட்டுவதே கேட்காத மாதிரி, ஒரு சதுர அடிக்குப் பூச்சை எடுத்தார். மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தரையெல்லாம் புழுதி. பூச்சுக்கு அடியில் செங்கல் கறுத்து ஈரமாக இருந்தது. ராவுண்ணி விரலால் அழுத்தினார். ஈரவெல்லம் மாதிரி விரலோடு வந்தது. அப்புசாமி அவரைத் தாழ்வாரத்து வளைவுக்கு அழைத்துப்போய், பூச்சே இல்லாத பழைய செங்கல்லைச் சுத்தியால் தட்டிக் காட்டினார். மணி மாதிரி கேட்டது. அதே சூளை, அதே வயது.

ராவுண்ணி திரும்பி வந்து சுவரை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அப்புசாமி எதிர்பார்த்திருந்த கேள்வியை, பூசியது யார் என்று கேட்டார்.

"ஆரா இது தேச்சது?"

சென்னிமலை ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையை மிகக் கவனமாகப் பார்த்தார்.

"நாந்தானுங்க" என்றார் அப்புசாமி. "அறுவத்தொண்ணுல."

"சிமெண்டு வேணம்னு ஆரு பறஞ்ஞு?"

"கமிட்டி சொல்லுச்சுங்க." பூச்சின் விளிம்பைப் பெருவிரலால் தடவினார். "நா வேண்டாம்னு சொல்லலீங்க. எனக்கும் ஆசதான். அன்னைக்கு சிமெண்டு மூட்டையக் கண்ணுல பாக்கறதே பெருசுங்க."

நான் அதுவரை அவரைக் கவனித்ததில்லை. அப்போது கவனித்தேன். குரலில் தியாகமும் இல்லை, அழுகையும் இல்லை. மட்டம் சரியில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு உளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

ராவுண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்டெ வீட்டிலும் அதே கொல்லம் ஞான் சிமெண்டு தேச்சு. அடுக்களச் சுமரு இப்போழும் நனவு. பதிமூணு கொல்லமாயிட்டு ஞான் பாரியயெ குற்றம் பறயுந்நு." அதாவது, அதே வருஷம் அவரும் தன் வீட்டு அடுக்களைச் சுவருக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்; சுவரில் ஈரம் நிற்பதற்குப் பதின்மூன்று வருஷமாக மனைவியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"இப்பப் போயி அந்தம்மாகிட்டயும் ஒரு ரிப்போர்ட்டு குடுத்துருங்க" என்றார் சென்னிமலை. இந்தத் தடவை ராவுண்ணி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

முடிவு இதுதான். லீவில் பூச்சைப் பொளிய வேண்டும். கெட்டுப்போன செங்கல்லை மாற்றி, பழையபடி சுண்ணாம்பு பூச வேண்டும். ஓணம் வரை மழையைப் பார்க்க வேண்டும். விரிசல்களின் மேல் ஒட்டிய நான்கு கண்ணாடிகளில் ஒன்று தெறித்தாலும் கட்டடம் போகும், தமிழ் வகுப்பும் போகும். அதுவரை வகுப்பு சைக்கிள் கொட்டகையில்.

ஏப்ரலும் மேயும் அப்புசாமியும் சென்னிமலையும் அந்தச் சுவரோடு இருந்தார்கள். உள்ளே ஒரு புறம், வெளியே ஒரு புறம். தன் பூச்சைத் தானே புள்ளி புள்ளியாக எடுப்பது எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். பூச்சை எடுத்த பின் சுவர் ஒரு மாதம் வெயிலைக் குடித்தது. நொறுங்கிய செங்கல்களைத் தோண்டி எடுத்துவிட்டு, இடிந்து கிடந்த பழைய கிணற்றுச் சுவரிலிருந்து அதே அளவுச் செங்கல் கொண்டுவந்து வைத்தார்கள். கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்புப் பூச்சு ஏறியது. முன்பிருந்த பளபளப்பு இல்லை. அப்புசாமி அதை ஒரு தடவைகூடத் தள்ளி நின்று ரசித்துப் பார்க்கவில்லை என்று சென்னிமலை சொன்னார்.

ஜூன் வந்தது. கணவாய் வழியாக மேற்குக் காற்று மழையைத் தூக்கிவந்து சுவர்மேல் அடித்தது. சைக்கிள் கொட்டகையில் பதினோரு பெண்களும் குடைக்குள் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். மயிலாத்தாள் தினமும் மணி அடிப்பதற்கு முன்னால் போய் நான்கு கண்ணாடிகளையும் பார்த்துவிட்டு வருவாள். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் நான்கு விரலைக் காட்டுவாள். அவர் தலையாட்டுவார். கருப்பாத்தாளும் அந்த விரல்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வாள்.

ஜூலையில் ஒரு நாள் காலை, அப்புசாமி கல்லூரித் தண்ணீர்த்தொட்டிக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். கோமன் நாயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் ஓடிவந்தார்.

"பொளிஞ்ஞு! பொளிஞ்ஞு!"

இந்தத் தடவை அவர் எந்த மொழியில் சொல்கிறார் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாவது வளைவுக்கு மேலே இருந்த கண்ணாடி உடைந்திருந்தது. சைக்கிள் கொட்டகையிலிருந்து மயிலாத்தாள் எழுந்து வெளியே வந்து, மழையிலேயே நின்றாள். கிட்டே வரவில்லை.

அப்புசாமி ஏணி வைத்து ஏறினார். அவசரப்படவில்லை, அவருடைய கால்கள் அவசரப்படும் கால்கள் அல்ல. மூக்கு சுவரில் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். விரிசல் இழுத்திருந்தால் கண்ணாடி அதன் கோட்டிலேயே ஒரே நேராகப் பிளந்திருக்கும். இது நடுவில் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல நாலாபக்கமும் ஓடியிருந்தது. விரிசலுக்குள் ஒரு சிலந்தி குறுக்கே நூல் கட்டியிருந்தது. அந்த நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கீழே இறங்கி, தரையில் தேடி, ஒரு கூழாங்கல்லை எடுத்து நாயர் கையில் வைத்தார். பத்தடி தள்ளி நாவல் மரம் பழுத்துக் கிடந்தது.

"பிரீடிகிரிக்காரங்க நாவப்பழத்துக்குக் குறி வெச்சுருக்கறாங்க. கட்டடத்துக்கு ஒண்ணுமில்லீங்க. பையனுகளுக்குத்தான் குறி சரியில்ல."

கோமன் நாயர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "ஹாவூ" என்று பெருமூச்சு விட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். தான் திருத்திய ஓர் எழுத்து அவரையும் நான்கு மாதமாக அழுத்திக்கொண்டிருந்தது போலும். அப்புசாமி மகளைப் பார்த்து நான்கு விரலைக் காட்டினார். பிறகு ஒன்றை மடக்கி, மறுபடி நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே நனைந்த தாவணியைப் பிழிந்தாள்.

ஓண லீவுக்கு முன்னால் ராவுண்ணி வந்தார். மூன்று பழைய கண்ணாடிகளும் மாற்றி ஒட்டிய ஒன்றும் முழுசாக இருந்தன. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மழைக்காலத்தின் முடிவில் வெளியே குளிர்ச்சி. உள்ளே உலர்ந்து கிடந்தது. கட்டடம் உபயோகத்துக்கு ஏற்றது என்று எழுதச் சொன்னார். கோமன் நாயர் எழுதியதைத் தானே மூன்று தடவை படித்தார். பிறகு அப்புசாமியிடம் காட்டி, "இனி இதில் பொளிக்கான் ஒந்நும் இல்லல்லோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பொளியவும் இல்லீங்க."

அன்று சாயங்காலம் கருப்பாத்தாள் செய்தியைக் கேட்டுவிட்டு, "அப்ப ஒரே பஸ்சுதான?" என்று மட்டும் கேட்டாளாம். பிறகு மகளுக்குப் புதுத் தாவணி ஒன்றை எடுத்து வைத்தாளாம். எப்போதோ வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தது.

லீவு முடிந்து தமிழ் வகுப்பு தன் அறைக்குத் திரும்பியது. பெஞ்சுகளைத் தூக்கிப்போட மாணவிகளும் வந்தார்கள். அப்புசாமியும் சென்னிமலையும் கடைசியாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிய ராவுண்ணி, அறை வாசலில் நின்றார். மேற்குச் சுவரிலேயே, கதவுக்கு இடப்பக்கம், தோள் உயரத்தில், ஒரு கை அகலத்துக்குப் பழைய சிமெண்டுப் பூச்சு அப்படியே இருந்தது. சுற்றிலும் உளியின் தடம் மிக நேர்த்தியாக நின்றிருந்தது. தவறி விட்டுப்போன இடம் அல்ல.

"இது எந்தா பாக்கி?" என்று கைத்தடியால் தொட்டார்.

"அது இருக்கட்டுங்க" என்றார் அப்புசாமி.

"கேடு வருமோ?"

"அவ்வளவு எடத்துக்கு ஒண்ணும் வராதுங்க."

ராவுண்ணி கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சென்னிமலை பல தடவை கேட்டிருக்கிறார். மயிலாத்தாளும் ஒரு தடவை கேட்டாள். அவர் வேறு ஏதாவது எடுத்துத் தரச் சொல்லுவார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வெள்ளையடிக்க அப்புசாமிதான் வந்தார். அடுத்தவன் சுவரைச் சுண்டுவது போல அந்த இடத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் அடித்துவிட்டுப் போனார்.